சும்மா நிற்பவர்கள்

அரசன் கிரீடத்தைக் கையில் வாங்கி, எதிரே நிற்கும் பங்காளியிடம் நீட்டுகிறான். நீட்டுகிறானே தவிர விடவில்லை. ஒரு பக்கம் அவன் கை, மறு பக்கம் இவன் கை, நடுவே இங்கிலாந்து. அரங்கில் உள்ள அத்தனை கண்களும் அந்தப் பொன்வளையத்தின் மேல்தான். கேமராவும் அங்கேதான் நிற்கிறது. எனக்கு மட்டும் பார்வை ஓரத்துக்குப் போய்விடுகிறது. அங்கே ஒரு கிழவர் நிற்க வேண்டும். யார்க் கோமகன். கிரீடத்தை விடுபவனுக்கும் அவர் சித்தப்பா, பிடிப்பவனுக்கும் சித்தப்பா. படச்சட்டத்துக்குள் அவர் இருக்கிறாரா என்று தேடுகிறேன்.

நான் பார்த்துக்கொண்டிருப்பது 'இரண்டாம் ரிச்சர்ட்'. ஸ்ட்ராட்ஃபர்டில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி மேடையேற்றியது. 2013 நவம்பர் 13 அன்று மேடையில் நடந்ததை அப்படியே திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பினார்கள். அந்தக் கம்பெனியின் நேரலை வரிசையில் அதுதான் முதல். இயக்கம் கிரெகரி டோரன். ரிச்சர்டாக டேவிட் டெனன்ட். இடுப்பைத் தேடி இறங்கும் நீள முடி, பூசிய நகங்கள், நடக்கும்போது தரையைத் தொட்டும் தொடாமலும் ஒரு நடை. போலிங்புரோக்காக நைஜல் லிண்ட்சே. தரையில் ஊன்றி நிற்கிற ஆள். இருவரும் ஒரே ஆண்டில், 1367இல், பிறந்த அண்ணன் தம்பி பிள்ளைகள். அவர்களை அருகருகே நிறுத்தினாலே பாதிக் கதை புரிந்துவிடும். யார்க்காக ஆலிவர் ஃபோர்ட் டேவிஸ். என் கண் அவர் மேலேயே இருக்கிறது.

யார்க்கின் பாடு இது. ரிச்சர்ட் அயர்லாந்துக்குப் படை கொண்டு போகும்போது நாட்டை அவர் பொறுப்பில் விட்டுப் போகிறான். நாடு கடத்தப்பட்ட போலிங்புரோக் அந்த நேரம் பார்த்துக் கரையேறுகிறான். அப்பன் சொத்தை வாங்க மட்டுமே வந்தேன் என்கிறான். யார்க் அவன் முன்னால் போய்ச் சத்தம் போடுகிறார். துரோகி என்கிறார், சட்டம் பேசுகிறார், தன் மூப்பைச் சொல்லி வருந்துகிறார். பிறகு, உங்களைத் தடுக்க என்னிடம் படை இல்லை, ஆகவே நான் எந்தப் பக்கமும் இல்லை என்கிறார். அடுத்த மூச்சில், வேண்டுமானால் இன்றிரவு கோட்டைக்குள் வந்து தங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். ஃபோர்ட் டேவிஸ் இதைக் கோழைத்தனமாக நடிக்கவில்லை. வீட்டில் பெரியவர் என்று ஒருவர் இருந்தே ஆக வேண்டுமே, அந்தப் படபடப்போடு நடிக்கிறார். கோபம் வாய் வரைக்கும் வந்து, அங்கே விருந்தோம்பலாக மாறி வெளியே வருகிறது. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஒரு ஆட்சி கவிழ்ந்த இடம் அதுதான். வாள் உருவப்படவில்லை. ஒரு முதியவர் இரவு தங்க இடம் கொடுத்தார், அவ்வளவுதான்.

டோரனுக்கும் பேசாதவர்கள் மேல் ஒரு கண் இருந்திருக்க வேண்டும். தொடக்கத்தைப் பாருங்கள். நாடகம் ரிச்சர்ட் சபையில் போலிங்புரோக்கும் மவுப்ரேயும் ஒருவரை ஒருவர் துரோகி என்று குற்றம் சாட்டுவதில் தொடங்குகிறது. சண்டை மேலுக்கு அவர்களுக்குள். அடியில் கிடப்பது ஒரு கொலை. 1397இல் கலேயில் காவலில் இருந்த க்ளாஸ்டர் கோமகன் செத்துப்போனார். ரிச்சர்டுக்கு அவரும் சித்தப்பா. கொல்லச் சொன்னது ரிச்சர்ட்தான் என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. ஷேக்ஸ்பியர் எழுதியபடி க்ளாஸ்டரின் விதவை இரண்டாம் காட்சியில்தான் வருகிறாள். டோரன் அவளை முதலிலேயே கொண்டுவந்துவிட்டார். சபை நடுவே சவப்பெட்டி. அதன் மேல் சாய்ந்து கிடக்கும் ஜேன் லபோடெர். ஆண்கள் கையுறையைத் தரையில் வீசி, மானம், ராஜ விசுவாசம், வீரம் என்று முழங்குகிறார்கள். பெட்டி மேல் கிடக்கும் பெண் வாய் திறக்கவில்லை. அவர்கள் பேசுகிற ஒவ்வொரு பெரிய சொல்லும் அவள் முதுகில் மோதித் திரும்பி வருகிறது. லபோடெர் 2000ஆம் ஆண்டு மூளை ரத்தக்கசிவில் விழுந்து, நெடுங்காலம் மேடைக்கே வராமல் இருந்தவர். அந்த உடம்பின் சோர்வில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு நிஜம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

மேடை நாடகத்தைப் படம் பிடிப்பதில் உள்ள சிக்கல் இங்கே தொடங்குகிறது. ஸ்ட்ராட்ஃபர்டின் அந்த மேடை பார்வையாளர்களுக்குள் நீண்டு நிற்பது. மூன்று பக்கமும் ஆட்கள். நேரில் போனவர், யார் பேசினாலும் அந்தச் சவப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கலாம். கேட்பார் இல்லை. பதிவில் அப்படி முடியாது. இருக்கைகளுக்கு நடுவே கேமராக்கள். வெளியே நிற்கும் வண்டியில் ஒருவர் அத்தனை படங்களையும் சிறு திரைகளில் பார்த்து, முன்கூட்டியே ஒத்திகை பார்த்த வரிசைப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறார். இந்தப் பதிவுக்கு அவர் ராபின் லஃப். கழுத்து என்னுடையது, திருப்புவது அவர். பேசுகிறவர் பக்கம் திருப்பினால்தான் பெரும்பாலோருக்குத் திருப்தி. அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அதிகாரச் சண்டை நாடகங்களில் பேசுகிறவரிடம் பாதி விஷயம்தான் இருக்கும். மீதி, அவர் பேசும்போது காலணி நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம்.

இழப்புக்கு ஈடாக ஒன்று கிடைக்கிறது. மூன்று பக்க மேடை என்பதால், அரசன் முகத்தை அருகில் காட்டும்போது அவன் தோளுக்குப் பின்னால் இருட்டில் பார்வையாளர்களின் முகங்கள் மங்கலாகத் தெரிகின்றன. கண்ணாடி போட்டவர், தாடையில் கை வைத்தவர், முன்னால் குனிந்திருப்பவர். பணம் கொடுத்து உட்கார்ந்து, ஒரு அரசன் இறக்கப்படுவதைச் சத்தமில்லாமல் பார்க்கிறார்கள். சபையில் நிற்கும் பிரபுக்களுக்கும் அவர்களுக்கும் உடை ஒன்றுதான் வித்தியாசம்.

கிரீடம் கைமாறும் காட்சிக்கே திரும்புகிறேன். இடம் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம். அதன் மாபெரும் மரக்கூரையைப் போடச் சொன்னவனே ரிச்சர்ட்தான். அதன் கீழேதான் அவன் பதவி போகிறது. முதலில் கார்லைல் ஆயர் எழுந்து, குடிமகன் அரசனுக்குத் தீர்ப்பு சொல்லலாமா, இந்தப் பாவத்துக்கு வரும் தலைமுறைகள் ரத்தத்தால் விலை கொடுக்கும் என்கிறார். அவரைக் கைது செய்கிறவர் நார்தம்பர்லாந்து பிரபு. பிறகு ரிச்சர்ட் வருகிறான். அழுகிறான், விளையாடுகிறான், கிணற்று வாளிகளைப் பற்றிப் பேசுகிறான், கண்ணாடி கேட்டு வாங்கி முகம் பார்த்து உடைக்கிறான். டெனன்ட் இந்த இடத்தில் நெஞ்சைப் பிழிவதை விடக் கேலி செய்கிறார். வேண்டியவன் வந்து எடுத்துக்கொள் என்கிற தொனி. கூச்சப்படுவது போலிங்புரோக்தான்.

நார்தம்பர்லாந்துக்குக் கூச்சம் கிடையாது. கையில் ஒரு தாள் வைத்திருக்கிறார். குற்றப் பட்டியல். இதைப் படி என்கிறார். கண்ணில் நீர், எழுத்து தெரியவில்லை என்கிறான் ரிச்சர்ட். கண்ணாடி வரும் வரை படி என்கிறார் மறுபடியும். கடைசியில் போலிங்புரோக்கே போதும் விடு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கொடுமைக்காரர் என்று சொல்லத் தோன்றவில்லை. அலுவலகக் கடமை முடிக்கிறவர் மாதிரி நிற்கிறார். கோப்பு முழுமையாக வேண்டும், நாளைக்குப் பொதுமக்கள் கேட்டால் காட்ட வேண்டும். எந்த ஆட்சி மாறினாலும் இப்படி ஒருவர் தாளோடு நிற்கிறார்.

அப்போது ரிச்சர்ட் செய்கிற காரியம்தான் இந்த நாடகத்தை நான் மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பதற்குக் காரணம். நார்தம்பர்லாந்தை விட்டுவிட்டு, சுற்றி நின்று பார்க்கிறவர்கள் பக்கம் திரும்புகிறான். இரக்கப்படுவதுபோல முகம் வைத்துக்கொண்டு நிற்கிறீர்களே, நீங்களெல்லாம் கை கழுவிய பிலாத்துகள், என்னைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்தவர்கள், தண்ணீரால் இந்தக் கறை போகாது என்கிற பொருளில் பேசுகிறான். சபையைப் பார்த்துச் சொல்வது. ஆனால் அந்த மேடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வையாளர்கள்தானே இருக்கிறார்கள்? நல்ல நடிகருக்கு அது போதும். தன்னைத் தேவகுமாரனுக்கு ஒப்பிடும் ரிச்சர்டின் திமிரையும் மறந்துவிடக் கூடாது. இவனே சித்தப்பனைக் கொல்லச் சொன்னவன், போலிங்புரோக்கின் அப்பா கான்ட் சாகக் காத்திருந்து அவர் சொத்தைச் சுருட்டியவன். அவன் வாயால் அந்தக் குற்றச்சாட்டு வருகிறது. யார்க் அப்போது எங்கே பார்க்கிறார்? கேமரா ரிச்சர்டிடம் இருக்கிறது.

இந்தக் காட்சிக்குப் பார்வையாளர்களோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. நாடகம் 1597இல் அச்சானபோது சபையில் பதவி இறக்கும் பகுதி அதில் இல்லை. அரசி எலிசபெத் இறந்து ஐந்து ஆண்டு கழித்து, 1608 பதிப்பில்தான் வந்தது. நடுவே, 1601 பிப்ரவரியில், எஸ்ஸெக்ஸ் பிரபுவின் ஆட்கள் ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவிடம் வந்து ரிச்சர்ட் பதவி இழக்கும் நாடகத்தைப் போடச் சொன்னார்கள். ரொம்பப் பழசு, கூட்டம் வராது என்றது குழு. வழக்கமான வசூலுக்கு மேல் 40 ஷில்லிங் தருகிறோம் என்றார்கள். பிப்ரவரி 7 அன்று நாடகம் நடந்தது. மறுநாள் எஸ்ஸெக்ஸ் சுமார் 300 பேரோடு லண்டன் தெருக்களில் இறங்கி, மக்களைத் துணைக்கு அழைத்தார். மக்கள் வரவில்லை. நின்று பார்த்தார்கள். அன்றே கலகம் முடிந்தது. பிப்ரவரி 25 அன்று தலை போனது. குழுவின் சார்பில் அகஸ்டின் ஃபிலிப்ஸ் விசாரணையில் 40 ஷில்லிங் கதையைச் சொல்லித் தப்பித்தார். அந்தத் தலை விழுவதற்கு முந்தைய நாள் அதே குழு அரசியின் முன்னால் நடித்தது. என்ன நாடகம் போட்டார்களோ, அரசி யார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

பதிவான மேடை நாடகங்களில் பேசாதவர்களுக்கு இடம் கொடுத்தது எது என்று கேட்டால், நான் சொல்வது இதைவிட அரை நூற்றாண்டு பழையது. 'ரோஜாக்களின் போர்கள்'. பீட்டர் ஹாலும் ஜான் பார்ட்டனும் 1963இல் அதே ஸ்ட்ராட்ஃபர்டில் செய்தது. 'ஆறாம் ஹென்றி'யின் மூன்று பகுதிகளையும் 'மூன்றாம் ரிச்சர்ட்'டையும் சேர்த்து மூன்று நாடகங்களாக்கினார்கள். பார்ட்டன் வெட்டியதோடு நில்லாமல், ஷேக்ஸ்பியர் நடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகளைத் தானே எழுதிச் சேர்த்தார். எது யாருடையது என்று கேட்கும்போது கண்டுபிடிப்பது கஷ்டம். 1964 இலையுதிர் காலத்தில் பிபிசி வந்து, பார்வையாளர் இடத்துக்குள்ளும் மேடையை நீட்டி, அரங்கத்தையே படப்பிடிப்புத் தளமாக்கிப் பதிவு செய்தது. 1965 ஏப்ரலில் ஒளிபரப்பானது. கறுப்பு வெள்ளை.

ஜான் பரி போட்ட அரங்க அமைப்பில் எல்லாம் உலோகம். உலோகச் சுவர், உலோகத் தரை, நடுவே ஆலோசனை சபையின் பெரிய மேசை. நாடகம் முழுக்க அரசர்கள் வருகிறார்கள், போகிறார்கள். மேசை அங்கேயே இருக்கிறது. அதைச் சுற்றி உட்காரும் முகங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. டேவிட் வார்னரின் ஆறாம் ஹென்றி, எல்லோரும் தனக்காகச் சண்டை போடுவதை விலகிப் பார்க்கும் மெலிந்த இளைஞன். அரசனே சும்மா இருப்பவனாகிவிட்டால் என்ன ஆகும் என்பதை வார்னரின் தோள்களில் பார்க்கலாம். இயன் ஹோமின் மூன்றாம் ரிச்சர்ட் அந்த மேசையின் ஓரத்தில்தான் வளர்கிறான். ஒருவரும் கவனிக்கவில்லை.

அதில் ஒரு காட்சி. 1460 டிசம்பர், வேக்ஃபீல்ட். சிங்காசனத்துக்கு ஆசைப்பட்ட யார்க் கோமகன் ரிச்சர்ட் பிடிபட்டிருக்கிறார். டொனால்ட் சிண்டன். அவரை ஒரு சிறு மண்மேட்டில் நிறுத்தி, ஹென்றியின் மனைவி மார்கரெட் சுற்றி வருகிறாள். பெக்கி ஆஷ்கிராஃப்ட், அப்போது அவருக்கு வயது 56. முதல் நாடகத்தில் புதுமணப் பெண்ணாக வந்தவர் இவரேதான் என்பதை நம்ப முடியாது. கொல்லப்பட்ட மகனின் ரத்தத்தில் நனைத்த துணியைத் தகப்பனிடம் கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொள் என்கிறாள். காகிதத்தில் கிரீடம் செய்து தலையில் வைக்கிறாள். ஆஷ்கிராஃப்ட்டின் குரலில் களிப்பும் களைப்பும் ஒன்றாகக் கேட்கின்றன. கேமரா இந்த இருவரின் முகத்தையும் விட்டு அகல மனமில்லாமல் நிற்கிறது. நானும் கொஞ்ச நேரம் ஓரத்தை மறந்துவிடுகிறேன்.

பிறகு நினைவு வருகிறது. கூட நிற்பவர்களில் ஒருவர் நார்தம்பர்லாந்து பிரபு. மார்கரெட்டின் கட்சி. அவருடைய தகப்பனாரை ஐந்து ஆண்டுக்கு முன் சென்ட் ஆல்பன்ஸில் வெட்டிப் போட்டது இந்த யார்க்கின் படைதான். அப்படிப்பட்டவர், யார்க்கின் புலம்பலைக் கேட்டு அழுகிறார். என் குலத்தையே அழித்தவனாக இருந்தாலும் இதற்கு அழாமல் இருக்க முடியாது என்கிறார். மார்கரெட்டுக்கு எரிச்சல். என்ன, அழுகையா? இவன் நமக்குச் செய்ததை நினை, கண்ணீர் காய்ந்துவிடும் என்கிறாள். கத்தி உள்ளே போகிறது. அழுதவர் கையைப் பிடித்துத் தடுத்தாரா என்றால் இல்லை.

இந்த நார்தம்பர்லாந்து யார்? வெஸ்ட்மின்ஸ்டரில் தாளை நீட்டி, படி படி என்றாரே, அவருடைய கொள்ளுப்பேரன். காகிதக் கிரீடத்தோடு நிற்கிற யார்க் யார்? அன்று எந்தப் பக்கமும் இல்லாமல் நின்ற கிழவரின் பேரன். 61 ஆண்டு இடைவெளியில் அதே இரண்டு குடும்பங்கள், இடம் மாறி நிற்கின்றன. கார்லைல் ஆயர் சொன்ன ரத்தக் கணக்கு இங்கே வந்து நேராகிறது. ஷேக்ஸ்பியர் இதைக் கோடு போட்டுக் காட்டவில்லை. அவர் பின்கதையை முதலிலும் முன்கதையைப் பிறகும் எழுதியவர். தனித்தனியாகப் பதிவான இரண்டு அரங்கேற்றங்களை அடுத்தடுத்து போட்டுப் பார்க்கும் வசதி எனக்கு இருப்பதால் தெரிகிறது.

சரித்திரக்காரர்கள் இந்த இரண்டு காட்சிகளையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 1399 செப்டம்பர் 30 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்கு ரிச்சர்ட் வரவே இல்லை. லண்டன் கோபுரத்தில் அடைபட்டிருந்தவனின் துறப்புப் பத்திரம் மட்டும் அங்கே வாசிக்கப்பட்டது. வேக்ஃபீல்டு சண்டையின்போது மார்கரெட் ஸ்காட்லாந்தில் இருந்தாள். யார்க்கின் தலையை வெட்டி, காகிதக் கிரீடம் சூட்டி, யார்க் நகர வாசலில் வைத்தது மட்டும் நடந்தது. ஆக, அழுது பேசி நம்மைக் கட்டிப்போடும் பெரிய ஆட்களில் இருவரைக் கற்பனை கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. ஓரத்தில் நின்ற பிரபுக்கள்தான் உண்மையில் அங்கே இருந்தவர்கள்.

இரண்டுக்கும் நடுவே இன்னொரு பதிவும் உண்டு. மைக்கேல் போக்டனோவும் மைக்கேல் பென்னிங்டனும் நடத்திய இங்கிலிஷ் ஷேக்ஸ்பியர் கம்பெனி ஏழு நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய், கடைசியில் 1989இல் ஸ்வான்ஸி கிராண்ட் அரங்கத்தில் பார்வையாளர்களை வைத்துக்கொண்டே படம் பிடித்தது. உடைகள் பல காலத்தவை. அவசரப் பதிவு, படத்தின் தரமும் சுமார். அதில் இரண்டாம் ரிச்சர்டாக வந்த பென்னிங்டன்தான், 2013இல் டெனன்டின் ரிச்சர்டிடம் அவமானப்பட்டுச் சாகும் கிழட்டு கான்ட். அன்று சொத்தைச் சுருட்டிய வாய்க்கு இன்று சாபம் கொடுக்கும் வேலை. இதைப் பதிவுகள் இருப்பதால்தான் பார்க்க முடிகிறது.

டோரனின் யார்க்கை முடித்துவிடுகிறேன். புதிய அரசனைக் கொல்லத் தன் மகன் ஆமெர்ல் சதி செய்கிறான் என்று தெரிந்ததும், அந்தக் கிழவர் இவ்வளவு நாள் காட்டாத வேகம் காட்டுகிறார். காலணியைக் கொண்டு வா என்று கத்துகிறார். மனைவி வேலைக்காரனை விரட்டுகிறாள், இவர் அவளை விரட்டுகிறார். மகனைக் காட்டிக்கொடுக்கக் குதிரை ஏறுகிறார். அரங்கம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஃபோர்ட் டேவிஸ் அந்தச் சிரிப்பை மறுக்காமல் வாங்கிக்கொள்கிறார். பக்கம் சாராமல் இருந்தவருக்குக் கடைசியில் ஒரு பக்கம் கிடைத்துவிட்டது. அதில் எவ்வளவு தீவிரமாக இருக்கிறார்!

மகன் மன்னிக்கப்படுகிறான். அதற்கு விலை உண்டு. ஷேக்ஸ்பியர் எழுத்தில் பாம்ஃபிரெட் கோட்டைச் சிறையில் ரிச்சர்டைக் கொல்பவன் எக்ஸ்டன் என்றொரு ஆள். டோரன் அவனை எடுத்துவிட்டு, அந்த வேலையை ஆமெர்லிடம் கொடுத்துவிட்டார். ஃபிளின்ட் கோட்டை உச்சியில் ரிச்சர்ட் முத்தமிட்ட அதே ஆமெர்ல். இந்த மாற்றம் எல்லோருக்கும் பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்கிறது. பெயர் தெரியாத கொலைகாரனை விட, பக்கத்தில் நின்றவன் கத்தி எடுப்பதுதான் இந்த நாடகத்தின் போக்குக்குப் பொருந்துகிறது.

கடைசிக் காட்சி, சவப்பெட்டியில் தொடங்கியது சவப்பெட்டியோடு முடிகிறது. ஆமெர்ல் கொண்டுவருகிறான். புதிய அரசன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், நான் விரும்பினேன், ஆனால் செய்தவனை வெறுக்கிறேன் என்கிறான். ஷேக்ஸ்பியரின் மேடைக்குறிப்பில் அரசனோடு உள்ளே வருகிறவர் யார்க். அரசன் பேச்சைத் தொடங்குவதே அவரைச் சித்தப்பா என்று அழைத்துத்தான். அவருக்கு ஒரு வரிகூட இல்லை. டோரனின் மாற்றத்தால் பெட்டியை இழுத்து வந்தது அவருடைய மகன். கேமரா, நியாயமாக, அரசன் முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. இந்த இடத்தில் படத்தை நிறுத்தி, பின்னால் தள்ளி, திரையின் ஓரங்களைத் துழாவுவது என் வழக்கமாகிவிட்டது. கூட உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை.